சாளையில் 226, கிணற்றில் 200: மோட்டார் லைனில் வோல்டேஜ் எங்கே போகிறது?

காங்கயம், தாராபுரம் பக்கம் பல குடும்பங்கள் ஊருக்குள் வீடு கட்டாமல் சொந்த நிலத்துக்குள்ளேயே சாளை (தோட்டத்து வீடு) போட்டிருப்பார்கள். ஈ.பி. சர்வீஸ் சாளை வரைக்கும்தான் வரும். கிணறு பள்ளக்காட்டில் இருக்கும். நடுவில் கிளுவை வேலி ஓரமாக ஓடும் ஒயர் முழுக்கச் சொந்தச் செலவு. மோட்டார் முக்கினாலும் (கிளம்ப முடியாமல் திணறினாலும்) உள்ளே சுற்றியிருக்கும் காயில் போனாலும் "லோ வோல்டேஜ்" என்று கம்பத்தைக் கைகாட்டுவது வழக்கம். ஆனால் வோல்டேஜ் தொலைவது பெரும்பாலும் மீட்டருக்கு இந்தப் பக்கம், நம் ஒயரில். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் போகிறது என்பதை ஒரு மல்டிமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர் (ஒயரை வெட்டாமல் வெளியிலிருந்தே ஆம்பியர் காட்டுவது), பள்ளிக்கூடத்து ஓம் விதி (வோல்ட் = ஆம்பியர் × ஓம்) மூன்றையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒரு லைனைச் சரிசெய்த பதிவு இது.

லைனின் நிலவரம்: வீட்டுத் தொட்டிக்கும் கட்டுத்தறித் தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றும் 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே கட்டாக இருப்பது). பெயர்த்தட்டில் 0.75 கிலோவாட், 220 வோல்ட், 7 ஆம்பியர். சாளையிலிருந்து கிணறு 160 மீட்டர். முதல் 110 மீட்டர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு பிளெக்ஸிபிள் ஒயர். ஒயர் பற்றாமல் போனதால் மீதி 50 மீட்டருக்கு 4 ஸ்கொயர் அலுமினிய ஒயர். இரண்டையும் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிய ஜாயின்ட் வேலிக்குள் கிடந்தது. மோட்டார் எடுக்கும்போது (கிளம்பும்போது) முக்குகிறது, கால் மணி நேரத்தில் உடம்பில் கை வைக்க முடியாத சூடு, ஒரே வருடத்தில் இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று.

முதலில் கன்டென்சர்

முக்குகிற மோட்டாரில் முதல் சந்தேகம் கன்டென்சர் (கெப்பாசிட்டர்) மேல்தான் விழ வேண்டும். அதைக் கழற்றாமலே ஓட்டத்தில் கணக்கிடலாம். மெயினை அணைத்துவிட்டு ரன் கன்டென்சரின் இரண்டு முனையிலும் மீட்டர் கிளிப்பை மாட்டி, அதன் ஒரு ஒயரைக் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டு, பிறகு மோட்டாரை ஓட்டவும். 50 ஹெர்ட்ஸுக்குக் கணக்கு இது:

மைக்ரோஃபாரட் = 3183 × ஆம்பியர் ÷ வோல்ட்

இங்கே 3.2 ஆம்பியர், 290 வோல்ட். 3183 × 3.2 ÷ 290 = 35. மேலே அச்சிட்டிருப்பது 36. கன்டென்சர் நன்றாக இருக்கிறது. இருபத்தைந்துக்குக் கீழே வந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். மெயினை அணைத்த பிறகும் கன்டென்சரில் சார்ஜ் நிற்கும். தொடுவதற்கு முன் ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பை அதன் இரு முனைக்கும் குறுக்கே வைத்து இறக்கிவிடவும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் தீப்பொறியோடு முனையும் கன்டென்சரும் சேர்ந்து கெடும்.

ஓட்டத்தில் அளக்க வேண்டும்

மோட்டாரை நிறுத்தி அளந்தபோது சாளையில் 232 வோல்ட், கிணற்றிலும் 232. இதைப் பார்த்துவிட்டு "ஒயர் சரியா இருக்கு" என்று சொல்லிப் போகிறவர்கள் அதிகம். ஒயரில் ஆம்பியர் ஓடாதபோது அதில் வோல்ட் இறங்காது. ஆம்பியர் சைபர் என்றால், ஓம் எத்தனை இருந்தாலும் பெருக்கினால் சைபர்தான். ஒயரில் இருக்கும் கோளாறு லோடு போட்டால்தான் வெளியே வரும்.

ஓட்டத்தில் கிடைத்த அளவுகள்:

சாளையில் மெயினுக்கு அப்புறம் 226 வோல்ட்
கிணற்றில் மோட்டார் டெர்மினலில் 200 வோல்ட்
கரண்ட் 7.6 ஆம்பியர்

கிளாம்ப் மீட்டர் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர்தான் போக வேண்டும். போகிறதும் வருகிறதும் சேர்ந்து உள்ளே போனால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டுச் சைபர் காட்டும்.

226 என்பது 230க்கு 6 சதவீத வரம்பான 216 முதல் 244க்குள் வருகிறது. ஆகவே கம்பத்தின் மேல் குற்றமில்லை. 26 வோல்ட் நம் ஒயரிலேயே நிற்கிறது.

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு, பல செய்முறைக் குறிப்புகளில் இது விட்டுப்போகும். 226லிருந்து 200ஐக் கழித்து வரும் 26 வோல்ட், ஒயரில் இறங்கும் முழு வோல்ட் அல்ல. மோட்டாரின் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கி ஓடுவதால் இரண்டு முனையையும் மீட்டரில் பார்த்துக் கழித்தால் குறைவான எண் வரும். ஒயரில் உண்மையில் இறங்குவது ஏறக்குறைய, கழித்து வந்ததைப் பவர் ஃபேக்டரால் வகுத்தால் வருவது. பவர் ஃபேக்டரை அறிய ஈ.பி. மீட்டரே போதும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணவும். மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல் என்று அச்சிட்டிருந்தது. நிமிடத்துக்கு 80 மின்னல் வந்தது.

80 ÷ 3200 × 60 = 1.5 கிலோவாட், அதாவது 1500 வாட்
226 × 7.6 = 1718 (வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கியது)
1500 ÷ 1718 = 0.87

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும் என்பது ஹீட்டருக்கும் குண்டு பல்புக்கும் சரி. மோட்டாருக்கு அதை 0.87ஆல் பெருக்கினால்தான் மீட்டரில் ஓடும் வாட் கிடைக்கும். அதே 0.87ஆல் 26ஐ வகுத்தால் 29.9. ஒயரில் இறங்குவது 30 வோல்ட்.

30 ÷ 7.6 = 3.95 ஓம்

லைன் முழுவதன் ரெசிஸ்டன்ஸ், போய் வருகிற இரண்டு ஒயரும் ஜாயின்ட்டும் சேர்த்து, 3.95 ஓம். ஒயர் மட்டும் விழுங்கும் வாட் 30 × 7.6 = 228. மோட்டாருக்குப் போய்ச் சேருவது 1270 சொச்சம்.

3.95 ஓம் நியாயம்தானா?

இனி ஒயரின் கணக்கு. 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு எத்தனை ஓம் வரை இருக்கலாம் என்று கேபிள் தரப் பட்டியலில் வரையறை இருக்கிறது. பிளெக்ஸிபிள் செம்பில் 2.5 ஸ்கொயருக்கு 7.98, 4 ஸ்கொயருக்கு 4.95, 6 ஸ்கொயருக்கு 3.30. அலுமினியத்தில் 4 ஸ்கொயருக்கு 7.41, 6க்கு 4.61, 10க்கு 3.08, 16க்கு 1.91. செம்பின் தன்மை எண் 0.0172ஐ நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுக்கும் பாடநூல் வழியில் கொஞ்சம் குறைவாகவே வரும். பட்டியல் எண் புரிமுறுக்கையும் தயாரிப்பில் வரும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்த உச்ச அளவு. வேலைக்குப் பட்டியல் எண்ணையே எடுத்துக்கொள்வது நல்லது.

ஒயர் நீளம் என்றால் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு. கணக்குத் தப்புகிற முதல் இடம் இதுதான். பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும்.

செம்பு: 110 × 2 = 220 மீட்டர். 0.220 × 7.98 = 1.76 ஓம்
அலுமினியம்: 50 × 2 = 100 மீட்டர். 0.100 × 7.41 = 0.74 ஓம்
மொத்தம் 2.50 ஓம்

இது 20 டிகிரிக்கு. சித்திரை வெயிலில் வேலி மேல் கிடக்கும் ஒயர் 45 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். ஒரு டிகிரி ஏறினால் ரெசிஸ்டன்ஸ் 0.4 சதவீதம் கூடும், செம்புக்கும் அலுமினியத்துக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். 25 டிகிரிக்கு 10 சதவீதம். ஆக 2.75 ஓம்.

ஒயருக்கு உரியது 2.75, அளவில் வந்தது 3.95. நடுவில் 1.2 ஓம் கணக்கில் வராமல் நிற்கிறது. அது ஏதோ ஒரு ஜாயின்ட்டில் இருக்கலாம், அல்லது ஒயரே எழுதியிருக்கும் அளவுக்கு இல்லாமல் இருக்கலாம். இரண்டாவதைச் சோதிப்பது எளிது. 2.5 ஸ்கொயர் பிளெக்ஸிபிள் ஒயரின் முனையைப் பிரித்தால் பொதுவாக 0.3 மில்லிமீட்டர் கம்பி 36 இருக்கும். 0.15 × 0.15 × 3.14 × 36 = 2.54, சரியான ஒயர். அதே 36 கம்பி 0.25 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் பரப்பு 1.77தான் வரும். மேலே 2.5 என்று அச்சிட்டு, விலை குறைத்துக் கொடுக்கும் சுருள்களில் இதைப் பார்க்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், மைக்ரோமீட்டரில் ஒரு கம்பியையாவது பிடித்துப் பார்க்க வேண்டும். இங்கே 36 கம்பியும் 0.3 தடிமனும் சரியாக இருந்தன. எனவே ஜாயின்ட்.

எந்த ஒயர், எந்த ஜாயின்ட்?

இறங்கும் 30 வோல்ட்டைப் பேஸ் ஒயரில் எவ்வளவு, நியூட்ரல் ஒயரில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சாளையின் நியூட்ரல் பாரில் ஒரு மெல்லிய நீள ஒயரைக் கட்டி, கிணறு வரை தரையில் விரித்துக் கொண்டுபோய், மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை மோட்டார் டெர்மினல் நியூட்ரலிலும் வைத்து ஓட்டத்தில் பார்க்கவும். பழைய டெலிபோன் ஒயரே போதும். மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம், அதற்குள் ஓடும் கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. விரித்த ஒயரில் 20 ஓம் இருந்தாலும் அளவு ஒரு மில்லிவோல்ட்கூட மாறாது. இந்த ஒயரை ஒருபோதும் பேஸில் கட்டக் கூடாது. 160 மீட்டருக்கு உயிருள்ள ஒயரைத் தரையில் விரிப்பது ஆடு மாடு நடமாடும் பூமியில் கொலைக்குச் சமம். நியூட்ரலைக் கட்டிய ஒயரையும் கரண்ட் ஒயராகவே நினைத்துக் கையாள வேண்டும்.

வந்தது 12 வோல்ட். நியூட்ரல் ஒயருக்கு உரியது 2.75இல் பாதியான 1.375 × 7.6 = 10.4 வோல்ட். 1.6 வோல்ட் கூடுதல். பேஸில் இறங்குவது 30 - 12 = 18 வோல்ட், உரியது அதே 10.4. அங்கே ஏழரை வோல்ட் கூடுதல். கோளாறின் பெரும்பங்கு பேஸ் ஜாயின்ட்டில் என்பது வேலிக்குள் கை விடாமலே தெரிந்துவிட்டது.

ஜாயின்ட்டை நேராக அளக்கும் முறை: மெயினை இறக்கி, வேறு யாரும் போடாதபடி ஃபியூஸ் கேரியரைக் கையோடு எடுத்துக்கொண்டு, டெஸ்ட் லேம்ப் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு டேப்பை உரிக்கவும். மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து ஒயரின் தூண்டலில் அறுந்த ஒயரிலும் அது 60, 80 என்று காட்டும், லேம்ப் எரியாது. ஜாயின்ட்டின் செம்புப் பக்கம் ஒரு முதலைக் கிளிப், அலுமினியப் பக்கம் ஒன்று. மாட்டிவிட்டு விலகி நின்று மெயினைப் போடச் சொல்லி, மோட்டார் ஓடும்போது மீட்டரைப் பார்க்கவும். கை எதையும் தொடக் கூடாது.

பேஸ் ஜாயின்ட் 7.5 வோல்ட், நியூட்ரல் ஜாயின்ட் 1.6 வோல்ட். கணக்கில் வராமல் நின்ற 1.2 ஓம் முழுவதும் இங்கே கிடைத்துவிட்டது.

7.5 × 7.6 = 57 வாட். விரற்கடை நீள முறுக்கில் 57 வாட். சால்டரிங் அயர்ன் சாதாரணமாக 25 வாட். இரண்டு அயர்னைச் சேர்த்துக் கட்டி வேலிக்குள் எரியவிட்ட மாதிரி. டேப் பாகாக உருகி, செம்பு பச்சை பூத்து, அலுமினிய இழைகளில் சில தொட்டவுடன் ஒடிந்து விழுந்தன.

இதே ஜாயின்ட்டை மோட்டாரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரின் ஓம் வரிசையில் அளந்தால் ஏமாற்றும். மீட்டர் முனைகளே 0.2, 0.3 ஓம் காட்டும். அது அனுப்பும் கரண்டும் மில்லி ஆம்பியர் அளவில்தான். 7 ஆம்பியர் ஓடிச் சூடேறும்போது ஜாயின்ட் வேறு ஆள். அதனால்தான் லோடு போட்டு வோல்ட் அளக்கும் முறையை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கினால் கெடுவதற்கு நான்கு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படியும், அது கரண்ட் கடத்தாது. ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சிறு பேட்டரி போலாகி அலுமினியம் அரித்துப்போகும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக நீளும், ஆறும்போது சுருங்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிடி தளரும். போதாததற்கு அலுமினியம் அழுத்தத்தில் மெள்ள நெகிழ்ந்துகொண்டே போகும் உலோகம், போட்ட நாளில் இறுகிய திருகு ஒரு கோடைக்குள் லூசாகிவிடும். பிடி தளர்ந்தால் ஓம் கூடும், ஓம் கூடினால் வாட் கூடும், சூட்டில் பிடி இன்னும் தளரும். தானாக இது நிற்காது.

சரிசெய்தது

ஒடிந்த நுனிகளை இரண்டு பக்கமும் நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டித் தள்ளியாயிற்று. அலுமினிய முனையை எமரித் தாளில் தேய்த்து, பளபளப்பு மங்குவதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பைமெட்டல் லக்கில் (ஒரு பக்கம் அலுமினியம், மறு பக்கம் செம்பாக இருக்கும் முனைக் குப்பியில்) நுழைத்து, கிரிம்பிங் டூலில் இரண்டு இடத்தில் அழுத்தியது. கட்டிங் பிளையரில் நசுக்கினால் லக் சப்பையாகும், உள்ளே பிடி இருக்காது. செம்பு முனைக்குச் செம்பு லக். நான்கு லக்கும் மழை நீர் புகாத பெட்டிக்குள் டெர்மினல் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கி, பெட்டியை வேலிக் கல்லுக்காலில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மாட்டி, ஒயர்கள் அடிப்பக்கமாகவே நுழையும்படி கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் வாய்) போட்டது.

இப்போது ஜாயின்ட் இரண்டிலும் 0.1 வோல்ட்கூட இல்லை. மோட்டாரில் 208 வோல்ட், 7.3 ஆம்பியர். லைனில் வீணாவது 7.3 × 7.3 × 2.75 = 147 வாட். முன்பு 228.

வோல்டேஜ் கூடியது, ஆம்பியர் குறைந்தது. ஓம் விதிக்கு எதிராக இருக்கிறதே என்று தோன்றும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2000 வாட் வாட்டர் ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் 230 × 230 ÷ 2000 = 26.5 ஓம். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் எடுக்கும், 200 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் குறைகிறது. மோட்டார் அப்படி இல்லை. அதன் தலையில் இருப்பது தண்ணீர். கிணற்றின் ஆழமும் பம்பின் வேகமும் பெரிதாக மாறாததால் ஷாஃப்டில் தேவைப்படும் வாட்டும் மாறாது. வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டை எடுக்க ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். தட்டில் போட்ட 7க்குப் பதில் 7.6 ஓடினால் கரண்ட் கூடுதல் எட்டரை சதவீதம்தான். ஆனால் காயிலின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் போகும். 7.6 ÷ 7 = 1.086, அதன் வர்க்கம் 1.18. காயிலில் 18 சதவீதம் கூடுதல் சூடு. பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு.

மோட்டாரின் காயிலை மீட்டரில் ஓம் பார்த்து 230ஐ வகுத்துப் பார்ப்பதும் ஒரு பொதுவான தவறு. இந்த மோட்டாரின் ரன்னிங் காயில் 2.6 ஓம். வகுத்தால் 88 ஆம்பியர் வருகிறது, ஓடுவதோ ஏழு. சுழலும்போது காயிலுக்குள்ளேயே எதிர் வோல்டேஜ் பிறந்து கரண்டைத் தடுக்கிறது, அது ஓம் மீட்டருக்குத் தெரியாது.

எடுக்கும் நேரம்

208 வோல்ட் ஓடுவதற்குப் போதும், பல மோட்டார்களின் தட்டில் 180 முதல் 240 வரை என்றே போட்டிருக்கும். சிக்கல் எடுக்கும் நேரத்தில். இந்த அளவு மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முழு வோல்டேஜில் ஐந்து மடங்கு, 35 ஆம்பியர் இழுக்கும். 230 ÷ 35 = 6.6 ஓம் மாதிரி அந்த நொடியில் நடந்துகொள்ளும். அதோடு லைனும் கம்பத்துப் பக்கமும் வரிசையில் நிற்கின்றன. கம்பத்துப் பக்கம் எத்தனை ஓம் என்பதும் கையில் இருக்கிறது: 232லிருந்து 226க்கு இறங்கியது 6 வோல்ட், 0.87ஆல் வகுத்தால் 6.9, அதை 7.6ஆல் வகுத்தால் 0.9 ஓம்.

வரிசையில் நிற்கும் ஓம்கள் வோல்டேஜைத் தங்கள் பங்கு விகிதத்தில் பிரித்துக்கொள்ளும். பழைய ஜாயின்ட்டோடு:

6.6 + 3.95 + 0.9 = 11.45 ஓம்
230 × 6.6 ÷ 11.45 = 133 வோல்ட்

முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 133 ÷ 230இன் வர்க்கம் 0.33. மூன்றில் ஒரு பங்கு விசையில் தண்ணீர் நிறைந்த பம்பைக் கிளப்பச் சொல்கிறோம். முக்காமல் என்ன செய்யும்? (கரண்ட் பின்தங்குவதைச் சேர்த்தால் நிஜத்தில் சில வோல்ட் கூடக் கிடைக்கும், நிலைமை பெரிதாக மாறாது.) இந்த இறக்கம் முன்பெல்லாம் கிணற்று அறையின் குண்டு பல்பு மங்குவதிலேயே தெரிந்துவிடும். எல்.இ.டி. பல்பு உள்ளே இருக்கும் டிரைவரால் ஒரே வெளிச்சத்தில் எரிந்துகொண்டு விஷயத்தை மறைத்துவிடுகிறது. சோதனைக்காகவாவது பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

புது கேபிள் எந்த அளவு?

ஓட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 230இல் 11.5 வோல்ட்.

11.5 ÷ 7 = 1.64 ஓம், போக வர சேர்த்து
1.64 ÷ 0.320 = கிலோமீட்டருக்கு 5.1 ஓம்
சூட்டுக்காக 1.1ஆல் வகுத்தால் 4.67

பட்டியலில் 4.67க்குக் கீழே பார்க்க வேண்டும். 4 ஸ்கொயர் பிளெக்ஸிபிள் செம்பு 4.95, மயிரிழையில் தவறுகிறது. 6 ஸ்கொயர் செம்பு தேறும். 6 ஸ்கொயர் அலுமினியம் 4.61, எல்லையிலேயே நிற்கிறது, எடுக்கும் நேரத்துக்குக் கைகொடுக்காது. 10 ஸ்கொயர் அலுமினியம்: 3.08 × 0.320 × 1.1 = 1.08 ஓம், 7 ஆம்பியருக்கு 7.6 வோல்ட். 160 மீட்டருக்குச் செம்பு வாங்குவதைவிட இதுவே நமக்குச் சரியான தேர்வு என்று படுகிறது. விலை கணிசமாகக் குறையும். திருடனுக்கும் அலுமினியத்தின் மேல் அவ்வளவு ஆசை இல்லை. ஒரே நிபந்தனை, நடுவில் ஜாயின்ட் கூடாது, இரண்டு முனையிலும் லக் மட்டுமே.

பழைய ஒயரையும் புதுக் கேபிளோடு சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன என்ற ஆசை வரும். 2.75 × 1.08 ÷ (2.75 + 1.08) = 0.78 ஓம், கணக்கில் இன்னும் நல்லதுதான். ஆனால் ஏதாவது ஒரு நாள் புதுக் கேபிளின் முனை கழன்றால் மோட்டார் நிற்காது, பழைய ஒயர் மொத்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு ஓசையில்லாமல் சூடேறும். பழையதை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

இரண்டு கோர் 10 ஸ்கொயர் ஆர்மர்டு (மேலே உலோகக் கவசம் சுற்றிய) கேபிள், இரண்டரை அடிப் பள்ளத்தில், கீழேயும் மேலேயும் மணல், அதன் மேல் செங்கல் வரிசை. வேலியை ஒட்டி டிராக்டர் கலப்பை இறங்கும் ஆழத்துக்கு அடியில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஆழம். ஆர்மரை இரண்டு முனையிலும் கிளாண்டில் பிடித்து எர்த்தில் சேர்த்தது.

அளவுகள்: சாளையில் 226, மோட்டாரில் 220, கரண்ட் 7.1. லைனில் வீணாவது 7.1 × 7.1 × 1.08 = 54 வாட். மீட்டரில் நிமிடத்துக்கு 80 மின்னிய விளக்கு இப்போது 72, அதாவது 1350 வாட். தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 27 யூனிட் குறையும். எடுக்கும்போது 230 × 6.6 ÷ 8.58 = 177 வோல்ட், விசை மூன்றில் ஒன்றிலிருந்து அறுபது சதவீதத்துக்கு வந்துவிட்டது. முக்கல் இல்லை.

எம்.சி.பி.யும் எர்த்தும்

லைனின் ஓம் தெரிந்துவிட்டதால் பாதுகாப்பையும் அதிலேயே கணக்கிட்டுவிடலாம். பழைய ஒயரில், ஜாயின்ட் சரிசெய்த பிறகும், கிணற்றடியில் பேஸும் நியூட்ரலும் ஷார்ட்டானால் ஓடக்கூடியது 230 ÷ (2.75 + 0.9) = 63 ஆம்பியர். சாளையில் இருந்தது சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்). அது நொடியில் விழ ஐந்து முதல் பத்து மடங்கு, 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 63இல் அது உள்ளுக்குள் சூடேறி, சில நொடிகள் கழித்துத்தான் விழும். அதற்குள் வேலியில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். புதுக் கேபிளில் 230 ÷ (1.08 + 0.9) = 116 ஆம்பியர். சி வகை 10 ஆம்பியர் போட்டால் 100இல் உறுதியாக விழும். மோட்டார் எடுக்கும் 35 ஆம்பியர் அதன் கீழ் எல்லையான 50க்குள் இருப்பதால் தேவையில்லாமலும் விழாது. 16ஐக் கழற்றி 10 மாட்டியது இந்தக் கணக்கில்தான்.

மோட்டார் உடம்பில் கரண்ட் கசிந்தால் எம்.சி.பி. காப்பாற்றாது. கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) மண்ணில் கோடையில் எர்த் குழி 20 ஓம் காட்டுவது சாதாரணம். மோட்டாருக்கு அந்தக் குழி மட்டுமே எர்த் என்றால் 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். பழைய 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை மோட்டார் லோடு என்றே நினைத்து நாள் முழுக்க விட்டுக்கொண்டிருக்கும், உடம்பிலும் பைப்பிலும் இருநூறுக்கு மேல் வோல்ட் நிற்கும். ஆர்மர் கேபிளை இரு முனையும் எர்த்தில் சேர்த்தாலும் இதை எம்.சி.பி. பொறுப்பில் விடக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) ஒன்றை எம்.சி.பி.க்குப் பக்கத்தில் போட்டால் 0.03 ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும், குழி இருபது ஓம் ஆனாலும் இருநூறு ஓம் ஆனாலும். மாட்டிய பிறகு அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்து, மாதம் ஒரு தடவை அதையே திரும்பச் செய்யவும். குழிக்குக் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவும்.